சும்மாடாய்ப் போன ரவிக்கைகள்

"அந்த அப்பா அம்மாவுக்கெல்லாம் பசங்க படிப்புல அக்கறையே இல்ல டீச்சர். மீட்டிங்னு சொல்லி அனுப்பினா ஒருத்தர்கூட எட்டிப் பாக்கறதில்ல."

போன வாரம் என்னைப் பார்க்க வந்த, இளம் டீச்சர்களான உங்களில் ஒருத்தி இப்படிச் சொன்னாள். ஒரகடம் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடியாக் குடும்பங்களைப் பற்றிய பேச்சு. நல்ல பெண்தான். தமிழே தெரியாத பிள்ளைகளைப் பாதி வகுப்புக்கு வைத்துக்கொண்டு தினமும் மாரடிக்கிறாள். அதனால் திட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் செரிக்கவில்லை. உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். பாடம் நடத்துகிற முறையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் சொல்லப் போவது ரவிக்கை கதை.

சிரிக்காதீர்கள். ஒரு பெண்ணின் படிப்பு அந்த ரவிக்கையில் மாட்டிக்கொண்டு ஊசலாடியது.

அறுபதுகளின் நடுவில் மண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எட்டாவது வரைக்கும்தான். ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி வைத்து நடத்தினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தால் ஒரு பாறைக்குன்று தெரியும். அந்தக் குன்றடியில் நெல்லூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து கல்லுடைக்க வந்த தெலுங்குக் குடும்பங்கள் குடிசை போட்டு இருந்தன. ஆண்கள் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் அதைச் சம்மட்டியால் ஜல்லியாக உடைத்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து லாரியில் கொட்டுவார்கள். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் ஜம்மென்று போகிற சாலைக்கு அடியில் அந்தப் பெண்கள் சுமந்த ஜல்லியும் கிடக்கும்.

அந்தக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்து மாதக்கணக்கில் வாயே திறக்காது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்: மந்தம். எங்கள் ஹெட்மாஸ்டர் ஒரு நாள் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று அந்தக் குழந்தைகள் இடைவேளையில் தங்களுக்குள் தெலுங்கில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேச்சு, அத்தனை வாதம், அத்தனை நையாண்டி. அவருக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது. ஆனாலும் உள்ளே வந்து எங்களைப் பார்த்து, "ஏம்மா, இந்தப் புள்ளைங்களா மந்தம்? வக்கீல் மாதிரி பேசுதுங்க. நம்மகிட்ட பேசறதுக்குத்தான் வழி இல்ல" என்றார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஹெட்மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். குள்ளமான மனிதர், எப்போதும் பொடி வாசனை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

வழி கண்டுபிடித்ததும் அவர்தான். குன்றடியிலிருந்து வந்து மேல்வகுப்பு வரை தாக்குப் பிடித்தவள் ஒரே ஒருத்தி, அங்கம்மா. என் வகுப்பில் இருந்தாள். தினமும் காலையில் முதல் மணி மட்டும் அவளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். அவள் போய்ச் சின்னதுகளோடு தரையில் உட்கார்ந்து, தெலுங்கில் கதை சொல்லி, தெலுங்கிலேயே அதட்டி, தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அந்த வகுப்பில் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு நடத்த முடியவில்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். பக்கத்து வகுப்பு வாத்தியார்தான் பாவம், தொண்டை கட்டிப் போனார்.

அங்கம்மா எட்டாவதுக்கு வந்தாள். எட்டாவது முடிவில் அப்போது அரசாங்கப் பரீட்சை உண்டு. தேறினால்தான் ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் ஒன்பதாவது. குன்றடியிலிருந்து அதுவரைக்கும் ஒருவரும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை. இவளோ வகுப்பிலேயே முதல் மார்க்கு. அவள் எழுதித் தேறிவிட்டால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரும் சின்னதுகளுக்கெல்லாம் பாதை திறந்த மாதிரி. அவள் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும். இது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்போது ரவிக்கைக்கு வருகிறேன்.

பெற்றோர் கூட்டம் என்று ஒன்று நடத்துவோம். பிள்ளைகள் கையில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவோம். ஊர்க்காரர்கள் வருவார்கள். குன்றடியிலிருந்து ஒரு குஞ்சுகூட வராது. நீங்கள் சொல்கிற அதே வார்த்தையைத்தான் நாங்களும் சொன்னோம். அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தையல் டீச்சர் ரெஜினா மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தங்கமான மனசு. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்தால் உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் அவளுக்கு. குன்றடிப் பெண்கள் ரவிக்கை போடமாட்டார்கள். புடவைத் தலைப்பை மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டி இடுப்பில் செருகியிருப்பார்கள். சந்தைக்கு வரும்போது எங்கள் ஊர் விடலைகள் ஏதாவது கிண்டல் செய்யும். அதை ரெஜினா ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"ஸ்டெல்லா, இப்பதான் எனக்குப் புரிஞ்சுது" என்று என்னிடம் ஓடி வந்தாள். "அவங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல. போட்டுக்க ஒரு ஜாக்கெட் இல்லாம, பாவம், கூச்சப்படறாங்க. அதான் வரல."

எங்கள் எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. எங்கெங்கோ கேட்டுத் துணி சேர்த்தாள். நல்ல கெட்டிச் சீட்டித் துணி, பூப் போட்டது. தையல் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தைத்தார்கள். அங்கம்மாவும் அதே வகுப்பில்தான் இருந்தாள். கொக்கி வைக்கிற வேலை அவளுக்கு. அவள் கைதான் அதில் நேர்த்தி. குனிந்த தலை நிமிராமல் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுப்பான பெண் என்று ரெஜினாவுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

ஒரு சாயந்திரம் ரெஜினாவும் நானும் கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு குன்றடிக்குப் போனோம். அங்கம்மாவின் அம்மா நரசம்மாதான் முன்னால் வந்து வாங்கிக்கொண்டாள். நல்ல உயரம், வாட்டசாட்டமான பெண்பிள்ளை. ஒரு கை நிறையக் கண்ணாடி வளையல். "ராண்டி, கூர்ச்சோண்டி" என்று உட்காரச் சொல்லிக் கோணியை விரித்தாள். வெல்லம் கரைத்த தண்ணீர் கொடுத்தாள். மற்ற பெண்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு கும்பிட்டார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரெஜினா வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் குன்றடியிலிருந்து ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் கேட்க வேண்டுமா? "பாத்தீங்களா? துணி வந்துச்சு, புள்ளைங்க நின்னுச்சு" என்றார் ஒருவர். பரீட்சைக்குச் சில வாரம்தான் பாக்கி. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. ஏன் வரலன்னு கேக்காதீங்க. சும்மா போங்க. சொல்றத மட்டும் கேட்டுகிட்டு வாங்க" என்றார்.

போனேன். குன்றுப் பாதையில் எதிரே ஜல்லிக் கூடையோடு பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். முன்னால் நரசம்மா. தலைக்கும் கூடைக்கும் நடுவில் ஒரு சும்மாடு. துணியைச் சுருட்டி வளையமாக வைத்துக்கொள்வார்களே, அது. பூப் போட்ட சீட்டித் துணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் வந்த அத்தனை பேர் தலையிலும் அதே பூ.

நரசம்மா என் முகத்தைப் பார்த்தாள். லாரியில் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்து, சும்மாட்டை எடுத்து உதறிக் காட்டினாள். "நல்ல துணி டீச்சரம்மா. கெட்டியா கீது. தல வலிக்கல."

"நரசம்மா, இது வந்து…" என்று இழுத்தேன்.

"தலமேல வெச்சிகினு கீறோம். இத்தவிட இன்னா மரியாத வோணும்?" என்று கேட்டாளே பார்க்க வேண்டும்! பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, அந்தக் கேள்விக்கு ஆண்டவரே வந்தாலும் பதில் சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் நிழலுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"நாங்கோ இல்லாம போடாம இல்ல டீச்சரம்மா. கண்ணாலத்தன்னிக்கு ரவிக்கைய கழட்டி எங்க அம்மன் கால்ல வெச்சிருவோம். அப்பால தொடமாட்டோம். எங்கம்மா தொடல, அவுங்கம்மா தொடல. எங்களுக்கு அது கௌரவம். நீங்கோ வந்து குட்த்தீங்க. வூடு தேடி வந்தவங்கள இன்னா சொல்றது? வாங்கிகினோம்."

"அப்ப ஏன் பிள்ளைங்களை நிறுத்திட்டீங்க?"

"யாரு நிறுத்தினா?" அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "நானா நிறுத்தினேன்? அதோ குந்திகினு கீறாளே, அவளாண்ட கேளு. அவ போவல. இவ போவலன்னு சின்னதுங்களும் போவல. நா தெனம் கத்திகினுதான் கீறேன்."

அங்கம்மா கொஞ்சம் தள்ளிச் சின்னச் சுத்தியலால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிமிராமல் இன்னொரு கல்லை உடைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"கொக்கி நான்தான் டீச்சர் வெச்சேன். எங்கம்மா கையில எடுத்துப் பாத்துட்டு, 'நீ தச்சியா'ன்னு கேட்டாங்க. தலையாட்டினேன். ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தா பரவால்ல டீச்சர். சும்மா மடிச்சி வெச்சாங்க." சுத்தியலைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவ சரி பண்ணணும்னு நெனைக்கிற எடத்துல குந்தி எனக்கு எந்தப் படிப்பும் வாணாம். வகுப்புல யாரும் திட்டல, எனக்குத் தெரியும். எல்லாரும் பாவம்னு சொன்னாங்க. அதான் டீச்சர் தாங்கல."

பதினான்கு வயதுப் பெண். நான் அவளுக்கு டீச்சர். ஆனால் அவள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு எழுந்தது. இத்தனை நாள் படித்ததை, முதல் மார்க்கை, ஒன்பதாவதை, எல்லாவற்றையும் அம்மாவுக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு ஜல்லி உடைக்க உட்கார்ந்துவிட்டாளே, அந்த வயதில் எனக்கு அந்த நெஞ்சுரம் வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருக்காது.

கிளம்பும்போது நரசம்மாவிடம் இன்னொன்றும் கேட்டுவிட்டேன். கூட்டத்துக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை?

"கூப்ட்டாதானே வர்றதுக்கு."

"சீட்டு அனுப்பினோமே."

"சீட்டா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். "சீட்டு வந்தா காண்ட்ராக்டரு வூட்டுக்குப் போவணும், இல்ல போலீசு டேசனுக்குப் போவணும். நல்ல காரியத்துக்கு யாருனா புள்ள கையில சீட்டு குட்த்து அனுப்புவாங்களா? உன் வூட்டு விசேசத்துக்கு நீ அப்டியா கூப்புடுவ?"

மண்டையில் சம்மட்டி விழுந்த மாதிரி இருந்தது. அத்தனை வருஷமாக நாங்கள் அவர்களைக் கூப்பிடவே இல்லை. சீட்டு அனுப்பியதையே கூப்பிட்டதாக நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து ஹெட்மாஸ்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ரெஜினாவும் பக்கத்தில் நின்றாள். சும்மாட்டு விஷயத்தைச் சொல்லும்போது முதலில் அவள் முகம் சுருங்கிப் போனது. நரசம்மாவின் கேள்வியைச் சொன்னதும் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய் அழுகை மட்டும் நின்றது. "ஐயா, நான் இப்பவே போய் அவங்க கால்ல விழுந்தாவது மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினாள்.

இந்த இடத்தில் ஹெட்மாஸ்டர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நானாக இருந்தால் சரி போ என்று அனுப்பியிருப்பேன். அவர் பொடி டப்பியை மேஜை மேல் வைத்தார்.

"வேணாம்மா" என்றார். "நீங்க போய் அழுதா அவங்க வேலையை விட்டுட்டு உங்களைச் சமாதானம் பண்ணணும். தண்ணி கொடுக்கணும், முதுகைத் தட்டணும். ஏற்கெனவே கல்லு சுமக்கறாங்க. அதுக்கு மேல நம்மளையும் எதுக்குச் சுமக்கணும்?"

"பின்ன என்னய்யா பண்றது?"

"ஆண்டு விழா வருதில்ல? வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எடுத்துகிட்டுப் போங்க. குடிசை குடிசையாப் போய்க் கூப்பிடுங்க, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி. நானும் என் சம்சாரத்தைக் கூட்டிகிட்டு வர்றேன். எப்படி வரணும் எதைக் கட்டிகிட்டு வரணும்னு ஒரு வார்த்தை பேசக்கூடாது. இடம் இருக்கு, வாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

போனோம். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனது ரெஜினா. கழுத்தில் ஜெபமாலை, கையில் குங்குமச் சிமிழ். நரசம்மா அதைப் பார்த்துவிட்டு விடவில்லை. "ஏம்மா, நீ சிலுவைக்காரியாச்சே. குங்குமம் தூக்கினு வந்துகீறியே, உங்க சாமியாரு திட்டமாட்டாரா?"

ரெஜினா சட்டென்று சொன்னாள்: "திட்டுவாரு. நான் வாங்கிக்கறேன். நீ வா."

நரசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "வர்றோம். இப்டியேதான் வருவோம்" என்றாள்.

ஹெட்மாஸ்டர் சம்சாரம், "வேற எப்படி வருவாங்க? வாங்கம்மா" என்றார். அன்றைக்கு அங்கம்மா குடிசைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஆனால் கதவுத் தட்டி கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன்.

ஆண்டு விழா அன்றைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. மேடைக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களுக்கு நாற்காலி. பக்கத்திலேயே அம்மாமார்களுக்கு ஜமுக்காளம் விரிக்கச் சொல்லியிருந்தார் ஹெட்மாஸ்டர். கல்வி அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். கூட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் ரோட்டில் ஏதோ சலசலப்பு. எட்டிப் பார்த்தேன்.

குன்றடியிலிருந்து அத்தனை பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், ஊர்த் தெரு நடுவாக. எண்ணெய் வைத்து வாரிய தலை, கொண்டையில் பூ, துவைத்துக் கட்டிய சிவப்புப் புடவை. வெறும் தோள். வளையல் சத்தம் முன்னால் வந்தது. சந்தையில் கிண்டல் செய்கிற விடலைகள் டீக்கடை வாசலில்தான் நின்றார்கள். ஒருவன் வாயும் திறக்கவில்லை. அந்த நடையைப் பார்த்தால் திறக்க முடியாது. நரசம்மா ஒரு கையால் அங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

ஊர்ப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். கமிட்டித் தலைவர் எழுந்து நேராக ஹெட்மாஸ்டரிடம் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். அவர் வேண்டாம் என்றால் மறுநாளே ஹெட்மாஸ்டருக்கு வேலை இருக்காது.

"இன்னா சார் இது? ஆபீசரு குந்தி கீறாரு. இவங்கள இந்தக் கோலத்துல முன்னால குந்த வெப்பீங்களா? பின்னால அனுப்புங்க. இல்லன்னா ஆளுக்கொரு துண்டனா போத்திக்கச் சொல்லுங்க."

பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அங்கம்மா கையை உதறிக்கொண்டு திரும்பிப் போகப் பார்க்கிறாள். இந்த நிமிஷம் தப்பினால் அவள் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். ஹெட்மாஸ்டர் வாதம் செய்யவில்லை. தலைவர் தோளுக்கு மேலாக முன்வரிசையைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"ஐயா சொல்றது சரி. ஆனா முன்வரிசையில ஒருத்தங்களை நான் எப்படிப் போத்திக்கச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்களே சொல்லிடுங்க."

தலைவர் திரும்பிப் பார்த்தார். முதல் நாற்காலியில் அவரைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களிலும் வயதான பெண்கள் பலர் ரவிக்கை போட்டதில்லை. அந்த அம்மாவும் போட்டதில்லை. வெள்ளைப் புடவை, வெறும் தோள், காதில் தொங்கும் தண்டட்டி. நாங்கள் தினமும் பார்க்கிற தோள். அதனாலேயே எங்கள் கண்ணில் படவில்லை.

அந்த அம்மாவுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும். "இன்னாடா?" என்றாள் மகனைப் பார்த்து. "எனக்கும் துண்டு கொண்டாந்து கீறியா?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பந்தலே சிரித்துவிட்டது. அந்த அம்மா நகர்ந்து ஜமுக்காளத்தைக் காட்டி, "வாங்கடி, ஏன் நின்னுகினு கீறீங்க? வந்து குந்துங்க" என்று குன்றடிப் பெண்களைக் கூப்பிட்டாள். தலைவரும் நல்ல மனிதர்தான். பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

பரிசு கொடுத்தார்கள். எட்டாவதில் முதல் மார்க்கு அங்கம்மா. பெயரைக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. அம்மா முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து, நரசம்மாவுக்கு முன்னால் நின்று, "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். தெலுங்குலயே பேசுங்க" என்றார்.

நரசம்மா எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். அப்புறம் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, மகளிடம் தெலுங்கில் என்னவோ கேட்டாள். அங்கம்மா தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அம்மா அதட்டினாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அங்கம்மா எழுந்து நின்று மெல்லப் பேச ஆரம்பித்தாள். தெலுங்கில்தான்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையை வைத்து அவள் காட்டியதில் ஏதோ பொங்குகிறது, வழிந்து ஓடுகிறது, அப்புறம் உறைகிறது. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி குறுக்கே ஏதோ கேட்டாள், இவள் மறுத்தாள், இன்னொருத்தி நம்பாமல் முகவாயில் கை வைத்துக்கொண்டாள், எல்லாரும் சிரித்தார்கள். அங்கம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அழுத முகம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னா சொல்லுது அது?" என்று கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. பந்தல் நிறையப் படித்தவர்கள், ஊர்க்காரர்கள், எல்லாரும் ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியாக நரசம்மா என்னவோ கேட்டாள், அங்கம்மா உதட்டைப் பிதுக்கினாள். பேச்சு ஓய்ந்ததும் ஹெட்மாஸ்டர் கேட்டார்: "அம்மா என்ன கேட்டாங்க? எங்களுக்கும் சொல்லு."

அங்கம்மா கூட்டத்தைப் பார்த்து நின்றாள். நல்ல தமிழில், கணீரென்று சொன்னாள்.

"எங்கம்மா சொல்றாங்க, இத்தனை வருஷமா நான் இங்க வந்து என்ன படிச்சேன்னு அவங்களுக்கு யாரும் சொன்னதே இல்லையாம். அவங்களுக்குப் புரியற மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லுன்னாங்க. அதான் பாறை பாடம் சொன்னேன். நாம உடைக்கிற இந்தக் கல்லு ஒரு காலத்துல பூமிக்குள்ள நெருப்புக் குழம்பா இருந்துச்சு, ஆறிப் போய்க் கல்லாச்சுன்னு சொன்னேன். யாரும் நம்பல."

"கடைசியா அம்மா ஏதோ கேட்டாங்களே, நீ பதில் சொல்லலையே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அங்கம்மா கொஞ்சம் தயங்கினாள். "பூமிக்குள்ள அந்த நெருப்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. அது ஒன்பதாவது புஸ்தகத்துலதான் இருக்குன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

நரசம்மாவுக்குப் புரியாத தமிழா அது? மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, எங்கள் தமிழிலேயே சொன்னாள்:

"அப்ப ஒம்பதாவதுக்குப் போடி. போய்த் தெரிஞ்சிகினு வந்து எனுக்கு சொல்லு."